வெறும் வர்ணமும் அதற்குரிய பெயரும்

ஒரு பெரிய துணியில் மேற்பாதி செம்மஞ்சள், கீழ்ப்பாதி கருஞ்சிவப்பு, வேறொன்றும் இல்லை. மனிதர் இல்லை, மரம் இல்லை, தெய்வ உருவமும் இல்லை. இதனைச் சித்திரம் என்று மாட்டி வைத்துக் கோடிக்கணக்கில் விலையும் கூறுகின்றனர் என்று கேட்டால், நமது அங்கத்தினர்களில் பலர் நகைப்பர். அந்த நகைப்பு இயல்பானதே. ஆயினும், தறியில் அமர்ந்து வர்ணத்தோடு வாழ்நாளைக் கழிப்பவரும், அத்தறிக்குப் பருத்தி விளைவிப்பவரும் நகைத்துவிட்டு அகன்றுவிடுதல் சரியன்று. இந்தச் சித்திர முறையில் நெசவுக்கும் சாயத்திற்கும் உள்ள பங்கு பெரிது. அப்பங்கு உலகத்தார் கணக்கில் சரிவர ஏறவில்லை. இன்னொன்றும் உண்டு. இத்தகைய சித்திரங்களைத் தாளில் அச்சிடும் நல்ல பட்டறைகள், உழைத்தவரின் அடையாளத்தை வேலையிலேயே பதிக்கும் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டுள்ளன. அவ்வொழுங்கை நெசவாளர் சங்கங்களும் மேற்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நியூயார்க் நகரத்து ஓவியர் சிலர் உருவங்களை முற்றிலும் நீக்கி, விரிந்த நிறப்பரப்பையே சித்திரமாக்கினர். மார்க் ராத்கோ, பார்னெட் நியூமன், கிளிஃபோர்ட் ஸ்டில் ஆகியோர் அவர்களில் முதன்மையானவர்கள். பார்ப்பவர் கண் முழுவதும் நிறத்தால் நிரம்ப வேண்டும், வேறு எதுவும் குறுக்கிடக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1960-களில் வேறு சிலர் இன்னும் சிக்கனமாகி, சில கோடுகள், ஒரு சதுரம், ஓரிரு வர்ணம் என்ற அளவில் நின்றனர். இவ்விரு போக்குகளும் இன்றளவும் உலகெங்கும் சித்திரங்களிலும் அச்சுத் தாள்களிலும் வீட்டு அலங்காரத்திலும் செல்வாக்குடன் விளங்குகின்றன. ராத்கோ 1961-ஆம் ஆண்டில் தீட்டிய ‘செம்மஞ்சள், சிவப்பு, மஞ்சள்’ என்னும் படம் 2012-ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 8 கோடியே 69 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ராத்கோ 1970-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“இதை எங்கள் வீட்டுப் பிள்ளையும் பூசுமே” என்பது வழக்கமான ஆட்சேபம். இதற்கு விடை கூற நெசவாளரைவிடத் தகுதியுடையவர் எவர்? புட்டாவும் பூவேலையும் நிறைந்த புடவையில் சிறு பிழை மறைந்துவிடும். உடல் முழுவதும் ஒரே நிறமான வெற்றுப் புடவையில் மறைவதற்கு இடமில்லை. ஓர் இழை தளர்ந்தாலும் தெரியும். சாயம் ஒரு சிட்டத்திற்கும் மறு சிட்டத்திற்கும் சற்றே மாறினாலும் குறுக்கே பட்டையடித்துக் காட்டிக்கொடுக்கும். கால்மிதியில் ஒரு தடுமாற்றம் நேர்ந்தாலும் துணி அதைச் சொல்லிவிடும். எளிமையானது எளிதானதன்று என்பதை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. நல்ல நிறச் சித்திரமும் அத்தகையதே. அதிலும் போலி உண்டு, சோம்பல் உண்டு, வாய்ச்சவடாலும் உண்டு. வெற்றுப் புடவையிலும் அவை உண்டு அல்லவா? நல்லதையும் போலியையும் பிரித்தறிவதே கண்ணின் வேலை.

இனி, இச்சித்திரங்களில் நமது தொழில் எவ்வாறு கலந்துள்ளது என்பதைக் காண்போம். ஓவியர் தீட்டும் துணி பெரும்பாலும் பருத்தியோ ஆளி நாரோ ஆகும். வழக்கமாக அதற்குப் பசையும் வெள்ளைப் பூச்சும் இட்டு, வர்ணம் உள்ளே இறங்காதபடி செய்த பிறகே தீட்டுவார்கள். 1952-ஆம் ஆண்டில் ஹெலன் ஃபிராங்கென்தாலர் என்னும் 23 வயதுப் பெண்மணி, பூச்சு எதுவும் இடாத பருத்தித் துணியைத் தரையில் விரித்து, நீர்க்கக் கரைத்த எண்ணெய் வர்ணத்தை அதன்மேல் ஊற்றி ஊற வைத்தார். ஏறத்தாழ 7 அடி உயரமும் 10 அடி அகலமும் கொண்ட அப்படத்தின் பெயர் ‘மலைகளும் கடலும்’. மறு ஆண்டு அதனைக் கண்ட மாரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் என்னும் ஓவியர் இருவரும் அம்முறையைத் தொடர்ந்தனர். ஒரு புதிய மரபே தோன்றிற்று. கஞ்சி நீங்காத நூலில் சாயம் ஏறாது, கஞ்சி நீங்கிய நூல் சாயத்தைக் குடிக்கும் என்பதை அறிந்த நமக்கு அவர் செய்தது விளங்கும். வர்ணம் துணியின்மேல் படியாமல் துணியோடு ஒன்றாக வேண்டும் என்று அவர் விரும்பினார். அது சாயக்காரரின் பழைய விருப்பம்.

சாயக்காரரின் பழைய கவலையும் அவர்களைத் தொடர்ந்து வந்தது. பூச்சில்லாத பருத்தியில் எண்ணெய் இறங்கினால் நாளடைவில் நார் நலியும். 1960-களின் தொடக்கத்தில் ராத்கோ, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவு மண்டபம் ஒன்றுக்காக ஐந்து பெரிய படங்களைத் தீட்டினார். அவற்றில் கலந்த ‘லித்தால் சிவப்பு’ வெயில் தாங்காத வர்ணம். மண்டபத்தின் பெரிய ஜன்னல்கள் வழியே புகுந்த வெளிச்சத்தில் கருஞ்சிவப்பு வெளிறிப் போயிற்று. 1979-ஆம் ஆண்டில் படங்கள் கழற்றப்பட்டு அறைக்குள் வைக்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டில் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, இழந்த நிறத்தை ஈடுசெய்யும் வர்ண ஒளியை அவற்றின்மேல் பாய்ச்ச வேண்டியதாயிற்று. நிறமே பொருளாகிவிட்ட சித்திரத்தில் சாயம் போனால் எஞ்சுவது என்ன? கெட்டிச் சாயத்திற்காக நாம் சாயச்சாலையில் படும் பாட்டை வெறும் கைவேலை என்று ஒதுக்குவோர் இச்செய்தியைச் சிந்திக்கட்டும்.

நெசவாளர் ஒருவரே இந்த மாற்றத்தின் நடுவில் நின்றதும் உண்டு. அன்னி ஆல்பர்ஸ் 1899-இல் பெர்லினில் பிறந்தவர். 1922-இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். மற்றப் பிரிவுகளில் பெண்களுக்கு எளிதில் இடம் கிடைக்காத நிலையில், அவர் தறிக்கூடத்திற்குச் சென்றார். பெர்னாவ் நகரில் எழுந்த தொழிற்சங்கப் பள்ளியின் மண்டபத்திற்கு, ஒருபுறம் ஓசையை உள்வாங்கவும் மறுபுறம் ஒளியைப் பிரதிபலிக்கவும் கூடிய துணியை அவர் நெய்தது அறிஞர்களால் பெரிதும் பாராட்டப்பட்டது. 1933-இல் கணவர் ஜோசப் ஆல்பர்ஸுடன் அமெரிக்கா சென்றார். 1949-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் தனிக் காட்சி பெற்ற முதல் நெசவாளர் அவரே.

கணவரோ 1950 முதல் 1976-இல் இறக்கும் வரை சதுரத்திற்குள் சதுரம் வைத்து நிறங்களின் உறவையே ஆராய்ந்தவர். ஒரு நிறம் அருகிலுள்ள நிறத்தைப் பொறுத்து மாறித் தோன்றும் என்பதை அவர் 1963-இல் வெளியிட்ட நூல், திரை அச்சுத் தாள்களால் மெய்ப்பித்துக் காட்டிற்று. ஒரே அரக்கு நிறம் மஞ்சட் கரையின் பக்கத்தில் ஒரு விதமாகவும், பச்சைக் கரையின் பக்கத்தில் வேறு விதமாகவும் தோன்றுவதைக் கண்டு கரை நிறம் தேர்ந்தெடுக்கும் நமது நெசவாளர்கள் அப்பாடத்தைக் கையாலேயே கற்றவர்கள்.

அதே 1963-ஆம் ஆண்டில் ஜோசப் ஆல்பர்ஸ், அக்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்த டாமரிண்ட் என்னும் கல்லச்சுப் பட்டறைக்கு அழைக்கப்பட்டார். உடன் சென்ற அன்னியையும் வேலை செய்து பார்க்குமாறு பட்டறைத் தலைவி ஜூன் வெய்ன் தூண்டினார். அடுத்த ஆண்டே அன்னி மீண்டும் சென்று, நூல் பின்னலைப் போன்ற கோடுகளால் ஒரு வரிசை அச்சுச் சித்திரங்களைச் செய்தார். பின்னர் 1970-ஐ ஒட்டித் தறியை விட்டு முழுவதும் அச்சுக்கே மாறிவிட்டார். நூலில் செய்தால் அதைக் கைத்தொழில் என்கிறார்கள், தாளில் செய்தால் கலை என்கிறார்கள் என்னும் பொருள்பட அவர் பிற்காலத்தில் கூறினார். கண் அதே கண், கை அதே கை, அமைப்பும் அதே அமைப்பு. மாறியது பொருள் ஒன்றே. இந்த அநீதியை அத்தனை பெரிய நெசவாளரே எதிர்கொண்டார் என்றால், பெயர் தெரியாத தறிக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிற்க. தாளுக்கு அந்த மதிப்பு எவ்வாறு வந்தது? அச்சுப் பட்டறைகளின் நடைமுறையைக் கவனித்தால் ஒரு பாதி விளங்கும். 1957-இல் டாத்யானா கிராஸ்மன் என்னும் அம்மையார் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு பட்டறை தொடங்கினார். 1960-இல் டாமரிண்ட் தோன்றிற்று. அது இருந்த தெருவின் பெயரே டாமரிண்ட், அதாவது புளி. இத்தகைய பட்டறைகளில் ஒரு சித்திரம் எத்தனை படிகள் என்பது முன்கூட்டியே முடிவாகும். ஒவ்வொரு படியிலும் ஓவியர் கையெழுத்திட்டு, ஐம்பதில் இது ஐந்தாவது என்பதுபோல் எண் குறிப்பார். படிகள் முடிந்ததும் தகட்டைக் கீறிச் செல்லாததாக்குவர். கல்லானால் தேய்த்து அழித்துவிடுவர். தாளின் ஓரத்தில் பட்டறையின் முத்திரை அழுத்தப்படும்; டாமரிண்ட் போன்ற இடங்களில் அச்சிட்டவரின் தனி முத்திரையும் அதனருகே அழுத்தப்படும். எந்தத் தாள், எத்தனை வர்ணம், அச்சிட்டவர் யார் என்பன ஏட்டில் பதிவாகும். அச்சிட்டவருக்கென ஒரு படியைத் தனியே எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு.

இது ஒருவர் தனியே செய்யும் வேலையன்று என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மேலே கூறிய ஃபிராங்கென்தாலர் 2000-ஆம் ஆண்டில், கென்னத் டைலர் என்பாரின் பட்டறையில் ‘மேடம் பட்டர்ஃபிளை’ என்னும் மரக்கட்டை அச்சுச் சித்திரத்தை வெளியிட்டார். அதற்கு 46 கட்டைகளும் 102 வர்ணங்களும் தேவைப்பட்டன. கட்டை செதுக்கியவர், தாள் செய்தவர், மை கலந்தவர், அச்சிட்டவர் எனப் பலர் கூடியே ஊறிய வர்ணத்தின் மென்மையை மரத்திலிருந்து தாளுக்குக் கொணர்ந்தனர். ஆக்னெஸ் மார்ட்டின் 1973-இல் வெளியிட்ட ‘ஒரு தெளிந்த நாளில்’ என்னும் தொகுதியோ, கட்டங்களும் இணைகோடுகளுமாக 30 சிறு திரை அச்சுத் தாள்கள் மட்டுமே. நெசவாளர் பார்த்தால் பாவும் ஊடையும் என்பர். மார்ட்டின் கனடா நாட்டுக் கோதுமைப் பண்ணையில் பிறந்தவர் என்பதும், 1950-களின் இறுதியில் நியூயார்க்கில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர் லெனோர் டானி என்னும் நெசவுக் கலைஞர் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

இன்று கடைகளில் இத்தகைய நிறக் கட்டங்களையும் கோடுகளையும் இயந்திரத்தில் அச்சிட்டுச் சட்டமிட்டு ஏராளமாக விற்கின்றனர். அதில் குற்றமில்லை, மலிவான அழகும் அழகே. ஆனால் அவற்றில் எண் இல்லை, முத்திரை இல்லை, செய்தவர் பெயர் இல்லை. பட்டறை அச்சுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை, கைத்தறிக்கும் அதன் வடிவத்தைத் திருடிய விசைத்தறிக்கும் உள்ள வேற்றுமையே. கைத்தறிக்கென்று அரசாங்க முத்திரை உண்டு. எந்தக் கை என்று சொல்லும் அடையாளந்தான் பெரும்பாலும் இல்லை.

கூட்டுறவாளராகிய நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய வரலாறு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள கீஸ் பெண்ட் என்னும் ஊரின் வரலாறாகும். ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் அவ்வூரில், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டு வந்தனர். 1932-இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், அவர் குடும்பத்தார் கடனுக்காக மாடு, கலப்பை, தானியம் அனைத்தையும் பறித்துச் சென்றனர். பின்னர் மத்திய அரசாங்கம் நிலத்தை வாங்கி, அக்குடியானவர்களுக்கே கிடைக்கச் செய்து, கூட்டுறவு முறையில் பண்டசாலையும் பருத்திக் கொட்டை நீக்கும் ஆலையும் அமைக்க உதவிற்று. அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலையாடைகளையும் மிச்சத் துணிகளையும் சேர்த்துத் தைத்துக் குளிருக்குப் போர்வை செய்தனர். பெரும் பெரும் நிறப்பட்டைகள், சற்றே சாய்ந்த கோடுகள், எதிர்பாராத ஒரு சிவப்பு என அப்போர்வைகள் நியூயார்க் ஓவியரின் படங்களுக்கு இணையாக நின்றன. அப்பெண்கள் அந்த ஓவியரைக் கண்டு கற்றவர்களல்லர். தாய் தைத்ததைக் கண்டு மகள் கற்றாள். 1960-களில் லீ க்ராஸ்னர் என்னும் நியூயார்க் ஓவியர் அங்குச் சென்று போர்வைகள் வாங்கியது உண்டு.

1966-இல் அவ்வட்டாரப் பெண்கள் ‘ஃபிரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். வாக்குரிமை கேட்டதற்காக வேலையும் குடியிருப்பும் இழந்த குடும்பங்களுக்கு அது ஆதரவாயிற்று. பெரிய கடைகள் சரக்கு கேட்டன. 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்திற்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்து ஊதியம் பெற்றனர். ஆனால் கடைகள் கேட்டது ஒரே அளவு, ஒரே வடிவம். சாய்ந்த கோட்டிற்கும் எதிர்பாராத சிவப்பிற்கும் அங்கு இடமில்லை. அவற்றை அப்பெண்கள், தைத்து மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளைக் கொண்டு தத்தம் வீட்டில் செய்தனர். 2002-இல் ஹூஸ்டன் நகரிலும், பின் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களில் வைத்து உலகம் வியந்தது அந்த வீட்டுப் போர்வைகளையே. சங்கம் சோறு போட்டது. சங்கத்துக்கு வெளியே கண் வளர்ந்தது. சங்கத்தை நடத்துவோர் இதனைத் தம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் புகழ் வந்தது. 2005-ஐ ஒட்டி, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்து அச்சுப் பட்டறை ஒன்று மேரி லீ பெண்டால்ஃப் முதலிய சிலரை அழைத்தது. அவர்கள் தைத்த சிறு துணி அமைப்புகளை, தாமிரத் தகட்டின் மென்மெழுகுப் பூச்சில் அழுத்தி, அத்தடத்தை அமிலத்தால் அரித்து அச்சிட்டனர். துணியின் பாவும் ஊடையும் தையலும் தாளில் அப்படியே விழுந்தன. ஒவ்வொரு படியிலும் தைத்தவரின் கையெழுத்து உண்டு. 2006-இல் பத்துப் போர்வைகள் அமெரிக்க அஞ்சல் தலைகளாயின. ஆயினும் 2007-இல் அவ்வூர்ப் பெண்கள் மூவர், தம் போர்வைகளாலும் வடிவங்களாலும் வந்த பணத்தில் தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடர்ந்தனர். 2008-இல் அவ்வழக்குகள் முடிவுற்றன. நியாயம் எவர் பக்கம் என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. பெயரும் உரிமையும் முதலிலேயே எழுத்தில் இல்லாதபோது, புகழ் வந்த பிறகு மனக்கசப்பும் வருகிறது என்பது தெளிவு.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான். சங்கத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு சிறப்புத் துணியிலும், சங்கத்தின் முத்திரையோடு, நெய்தவரின் குறியும், சாயமிட்டவரின் குறியும், பாவு ஓட்டியவரின் குறியும் இருத்தல் வேண்டும். பலர் கை பட்ட வேலையில் எவர் பெயரை இடுவது என்று மயங்க வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் இரண்டு முத்திரைகள் இருக்கலாமென்றால், துணியின் ஓரத்தில் மூன்று இருக்கலாகாதா? பருத்தி எந்த ஊரில் விளைந்தது என்பதும் சீட்டில் ஏறட்டும். விளைவித்தவரை மறந்த துணி பாதிக் கதையைத்தான் சொல்கிறது. புதிய நிறச் சேர்க்கையையோ கட்டத்தையோ ஓர் அங்கத்தினர் கண்டுபிடித்தால், அதனை அவர் பெயரிலும் தேதியிலும் சங்கத்தின் ஏட்டில் பதிய வேண்டும். வெளியார் அவ்வடிவத்தைத் தாளிலோ வேறு பொருளிலோ பயன்படுத்த விரும்பினால், எழுத்து மூலமான ஒப்பந்தமும், வரும் தொகையில் பங்கும் இன்றி அனுமதிக்கலாகாது. ஆர்டர் வேலை இடைவிடாது ஓடும் காலத்திலும், ஆண்டுக்குச் சில பாவுகளையாவது நெசவாளர் தம் மனம்போல் நெய்ய விட்டு, அவற்றை எண்ணிட்டு, சில உருப்படிகளோடு நிறுத்தி விற்றுப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணம் ஒன்றை நான் அறிவேன். நெசவாளரின் பெயர் வெளியே தெரிந்தால், தனி வியாபாரி வந்து முன்பணம் கொடுத்து அவரை அழைத்துப் போய்விடுவான் என்று நிர்வாகிகள் அஞ்சுகின்றனர். அச்சம் பொய்யன்று. ஆனால் பெயர் தெரியாததால் மட்டுமே ஒருவர் நம்மிடம் தங்கியிருக்கிறார் என்றால், அதற்குக் கூட்டுறவு என்று பெயரில்லை. பெயரையும் நியாயமான பங்கையும் சங்கமே கொடுத்தால், அவர் வேறிடம் தேடிப் போக வேண்டிய காரணம் குறையும்.

பெயர் பொறிப்பதால் மட்டும் விலை ஏறிவிடாது என்பதும் மெய்தான். பிழையான துணியில் பெயர் இருந்தால், அது நெய்தவருக்கு இழுக்காகும். அந்தப் பொறுப்பும் வேண்டற்பாலதே. நல்ல பட்டறையின் அச்சாளர், தாம் திருப்தியடையாத தாளைக் கிழித்தெறிந்துவிட்டே முத்திரையைக் கையில் எடுக்கிறார்.

செம்மஞ்சளும் கருஞ்சிவப்புமான அந்தப் படத்தைப் பார்த்து நாம் வியப்பதும் வியக்காமலிருப்பதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. அதில் நமக்குக் கட்டாயம் ஒன்றுமில்லை. வர்ணத்தை வர்ணமாகவே மதிக்கும் கண் உலகில் இன்று பெருகியுள்ளது என்பது மட்டும் நமக்கு நல்ல செய்தி. நமது வெற்றுப் புடவையின் அருமையை உணரக்கூடிய கண் அதுவே. அக்கண் துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்க்கும் நாளில், அங்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் சங்கத்தில் கேட்க வேண்டுகிறேன்.